மடியில் கனம்: சென்னையில் கைத்துப்பாக்கி மறைந்த வரலாறு

2016 ஜனவரி 1 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெற்றவர் கைத்துப்பாக்கியை இடுப்பு உறையிலோ தோள் உறையிலோ செருகிக்கொண்டு, ஊரார் கண்ணில் படும்படியே கடைத்தெருவில் நடக்கலாம் என்றது அது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகள் அங்கே உரிமக்காரர்கள் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்தே வைத்திருக்க வேண்டியிருந்தது. அதே 2016 ஜூலை 15 அன்று இந்திய அரசு புதிய ஆயுத விதிகளை வெளியிட்டது. அவை நேர் எதிர்த் திசையில் போயின. பொது இடத்துக்குக் கொண்டுவரும் கைத்துப்பாக்கி உறைக்குள் இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். தாங்குபவரின் முழுக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதோ வீசி மிரட்டுவதோ கூடவே கூடாது.

ஆக, தியாகராய நகர் உஸ்மான் சாலையில் உரிமத்தோடு நடக்கும் ஒருவர் தம் துப்பாக்கியை மறைத்தே ஆக வேண்டும். இது இன்றைய நிலை. 1878இன் ஆயுதச் சட்டத்திலோ மறைப்பு என்பது தண்டனையை இரு மடங்குக்கும் மேலாக்கும் குற்றம். ஏறத்தாழ 140 ஆண்டுகளில் இது எப்படித் தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அமெரிக்க வரலாறு இங்கே ஓர் ஒப்பீட்டுக்கு உதவும். அங்கே முதலில் தடை செய்யப்பட்டது மறைத்துத் தாங்குவதுதான். கென்டக்கி, லூயிசியானா மாநிலங்கள் 1813இலேயே அதற்குச் சட்டம் போட்டன. வெளிப்படையாகத் தாங்குவது ஆண்மகனின் உரிமை, ஒளித்து வைப்பது கோழையின் வேலை என்பது அன்றைய எண்ணம். 1840இல் அலபாமா உச்ச நீதிமன்றமும் 1850இல் லூயிசியானா உச்ச நீதிமன்றமும் மறைப்புக்கான தடையை இந்த அடிப்படையில்தான் ஏற்றன. நம் ஊரில் வெளிப்படையாக ஆயுதம் தாங்கியவர் நிலை வேறு. அவரைக் கண்டுதான் அரசு முதலில் அஞ்சியது.

பாளையம் முதல் மவுண்ட் ரோடு வரை

பாளையக்காரர் காலத்துத் தமிழகத்தில் ஆயுதம் உடுப்பின் ஒரு பகுதி. காவல்காரனின் ஈட்டி, சேவகனின் வாள், பாளையத்தானின் நாட்டுத் துப்பாக்கி எல்லாமே பார்வைக்குரியவை. அவன் யார் என்பதை அவையே சொல்லின. மருது சகோதரர்கள் 1801 அக்டோபரில் தூக்கிலிடப்பட்ட கையோடு, டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகளை இடிக்கவும் தென்பாளையங்களின் ஆயுதங்களைப் பறிக்கவும் அது வழிசெய்தது. தமிழ் மண்ணில் ஆயுதக் கட்டுப்பாட்டின் தொடக்கத்தை 1857க்குப் பின் தேடுவது வழக்கம். அரை நூற்றாண்டு முன்னதாகத் தேட வேண்டும் என்பது என் கருத்து.

1857 கிளர்ச்சிக்குப் பின் 1860இல் ஒரு சட்டம் வந்தது. வைசிராய் லிட்டன் காலத்தில், 1878இல், பதினோராம் எண் சட்டமாக ஆயுதச் சட்டம் வந்தது. அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. 13ஆம் பிரிவு உரிமமின்றி ஆயுதம் தாங்கி நடமாடுவதைத் தடுத்தது. துப்பாக்கியை வெறுமனே வைத்திருப்பதை 14ஆம் பிரிவு தனியாகக் கையாண்டது. நடமாட்டம் வேறு, உடைமை வேறு என்று சட்டம் எழுதியவர்கள் தெளிவாகப் பிரித்திருந்தார்கள். 19ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை. அதே குற்றங்களில் சிலவற்றை அரசு ஊழியர் கண்ணில் படாமல் கள்ளத்தனமாகச் செய்தாலோ, சோதனையின்போது ஆயுதத்தை ஒளித்தாலோ 20ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை போகும். வெள்ளையரின் பயம் ஆயுதத்தைவிட, தமக்குத் தெரியாத ஆயுதத்தின் மீதுதான்.

இந்தச் சட்டம் எல்லோருக்கும் பொது அல்ல. ஐரோப்பியருக்கும் யூரேசியருக்கும் விதிகளிலேயே விலக்கு இருந்தது. கடிகாரத்துக்குப் பேர்போன மவுண்ட் ரோடு பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை துப்பாக்கியும் விற்ற காலம் அது. கடைக்குள் நுழையும் வெள்ளைக்கார எழுத்தரிடம் யாரும் உரிமம் கேட்க மாட்டார்கள். மயிலாப்பூரிலிருந்து வண்டி கட்டி வரும் உயர் நீதிமன்ற வக்கீல் உரிமச் சீட்டை நீட்ட வேண்டும். இந்த அவமானம்தான் அரசியலாயிற்று.

1887 டிசம்பரில் காங்கிரசின் மூன்றாவது மாநாடு சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதியின் மக்கீஸ் தோட்டத்தில் கூடியது. தலைமை பத்ருதீன் தியாப்ஜி. ஆயுதச் சட்டத்தின் பாகுபாட்டை எதிர்த்து அங்கே ஆவேசமாகப் பேசியவர் பிபின் சந்திர பால். நிறைவேறிய தீர்மானம் கேட்டது இது: காரணத்தை எழுத்தில் காட்டி அரசு தடுத்தவர்களைத் தவிர மற்ற அனைவரும் ஆயுதம் வைத்திருக்கவும் அதைப் பூண்டு நடமாடவும் சட்டத்தைத் திருத்த வேண்டும். உரிமம் கேட்டு நிற்பது விதியாகவும் விலக்கு சலுகையாகவும் இருந்ததை அது புரட்டிப் போடச் சொன்னது. வெளிப்படையாக ஆயுதம் தாங்கும் உரிமையை இந்திய அரசியல் அமைப்பு ஒன்று இத்தனை தெளிவாகக் கேட்டது நம் சென்னையில்தான். காங்கிரஸ் வரலாற்றை எழுதுவோர் இதை ஒற்றை வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மணியாச்சியிலிருந்து உயர் நீதிமன்றம் வரை

கேட்டுக் கிடைக்காதது மறைவாக வந்தது. 1911 ஜூன் 17 காலை மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷ், முதல் வகுப்புப் பெட்டியில் மனைவியோடு அமர்ந்திருந்தார். வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி பெல்ஜியத் தயாரிப்பான பிரவுனிங் பிஸ்டலால் சுட்டார். பிறகு பிளாட்பாரக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். வேட்டைத் துப்பாக்கியையோ நீளமான வாளையோ பெட்டி வரை யாரும் கொண்டுபோயிருக்க முடியாது. தானாகக் குண்டேற்றிக்கொள்ளும் தட்டையான பிஸ்டல் என்ற புதிய தொழில்நுட்பம் வந்ததால்தான் இது இயன்றது. பயிற்சி நடந்த இடம் பிரெஞ்சு புதுச்சேரி. பயிற்றுவித்தவர் லண்டனிலிருந்து வந்து சேர்ந்த வ.வே.சு. ஐயர். புதுச்சேரியோ 1878 சட்டத்தின் கை எட்டாத மண்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு வைட்டோடு அமர்ந்த நீதிபதிகளில் சி. சங்கரன் நாயரும் ஒருவர். 1897இல் அமராவதி காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் அவர். முதல் எதிரியான நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு சிறை கிடைத்தது.

இதன் பிறகு ஆயுத உரிமை பற்றிய பேச்சின் சுருதி மாறியது. 1920ஆம் ஆண்டின் விதிகள் இனப் பாகுபாட்டை நீக்கின. அதனால் இந்தியர் யாருக்கும் துப்பாக்கி கிடைத்துவிடவில்லை. உரிமம் கேட்கும் வரிசையில் வெள்ளையரும் நின்றார்கள், அவ்வளவுதான். 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துத் தாங்கும் உரிமை இடம்பெற்றது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதை நினைவூட்டித் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை; திருத்தம் தோற்றது. அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையைத் தருகிறது. மக்கீஸ் தோட்டக் கோரிக்கையின் கதை அத்தோடு முடிந்தது.

பாண்டி பஜார், 1982

1959இன் புதிய ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாள், ஈட்டி போன்றவற்றுக்குப் பொதுவாக உரிமம் வேண்டாம், துப்பாக்கிக்கு வேண்டும் என்று ஆயிற்று. உரிமச் சீட்டில் அச்சான நிபந்தனைகளில் ஒன்று முக்கியமானது: தனி அனுமதி இல்லாமல் சந்தை, திருவிழா, சமய ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகியவற்றுக்கு ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது. மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவன்று நான்கு மாட வீதிகளுக்குள் உரிமத் துப்பாக்கிக்கு இடமில்லை. மறைத்து வைத்திருந்தாலும் இல்லை.

1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்ட நிகழ்ச்சியைத் தமிழ்நாடே அறியும். அதைத் துப்பாக்கிச் சட்டத்தின் கதையாக நீட்டுவதில் பொருளில்லை. அது ஒரு வீட்டுக் கூடத்துக்குள் நடந்தது. தெருவுக்குத் துப்பாக்கி வந்தது பதினைந்து ஆண்டுகள் கழித்துத்தான்.

1982 மே 19 மாலை, தியாகராய நகர் பாண்டி பஜார். விடுதலைப் புலிகளின் பிரபாகரனும் ராகவனும் ஒரு பக்கம். அவர்களிடமிருந்து பிரிந்த உமா மகேஸ்வரனும் ஜோதீஸ்வரனும் மறுபக்கம். நான்கு பேரும் சாதாரணச் சட்டை அணிந்த இளைஞர்கள். புடவைக் கடைக் கூட்டத்தில் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவரை ஒருவர் கண்ட நொடியில் துப்பாக்கிகள் வெளியே வந்தன. ஜோதீஸ்வரன் காயமடைந்தார். பிரபாகரனும் ராகவனும் அங்கேயே பிடிபட்டனர். தப்பிய உமா மகேஸ்வரன் சில நாள் கழித்துக் கும்மிடிப்பூண்டியில் கைதானார். கொலை முயற்சிப் பிரிவோடு ஆயுதச் சட்டமும் சேர்ந்தது. இலங்கை அரசு அவர்களை ஒப்படைக்கக் கேட்டது. தமிழகக் கட்சிகள் எதிர்த்தன. ஆகஸ்டில் நிபந்தனை ஜாமீன் கிடைத்து, பிரபாகரன் மதுரையில் பழ. நெடுமாறனின் பொறுப்பில் தங்கினார்.

இவ்வழக்கை ஈழ அரசியலின் அத்தியாயமாகத்தான் எல்லோரும் படித்திருக்கிறோம். நகர வரலாற்றின் பக்கமிருந்து பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1878இலிருந்து சட்டம் அஞ்சிய உருவம், அரசுக்குத் தெரியாத துப்பாக்கியை மடியில் வைத்த மனிதன், சென்னைக் கடைத்தெருவில் நிஜமாகவே நின்றது அன்றுதான். அடுத்த நான்கு ஆண்டுகளில் அது பழகியும் போயிற்று. அடையாறு இந்திரா நகரில் புலிகளுக்கு அலுவலகம் இருந்தது. மற்ற ஈழ இயக்கங்களுக்கும் நகரெங்கும் வீடுகள் இருந்தன. 1986 நவம்பர் 1, தீபாவளியன்று சூளைமேட்டில் ஓர் இயக்கத்தாரின் துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் இறந்தார். ஒரே வாரத்தில், நவம்பர் 8 அன்று, தமிழ்நாடு முழுவதும் போலீஸ் இறங்கி இயக்கங்களின் ஆயுதங்களைப் பறித்தது. பெங்களூரு சார்க் மாநாடு நெருங்கியதும் அதற்கு ஒரு காரணம். அந்த அரசியல் எப்படியிருந்தாலும், துப்பாக்கியைக் கண்டும் காணாமல் இருப்பது என்ற சென்னைப் பழக்கம் சூளைமேட்டோடு முடிவுக்கு வந்தது. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈழ இயக்கத் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் கொல்லப்பட்டபோது நகரம் அதைத் தன் மீது நடந்த தாக்குதலாகவே பார்த்தது.

யார் கண்ணுக்கு?

இனி 2016 விதிகளுக்குத் திரும்பலாம். அவற்றின் மறைப்பு, 1878 சட்டம் தண்டித்த மறைப்பு அல்ல. இன்று ஒவ்வொரு உரிமக்காரருக்கும் தனி அடையாள எண் உண்டு. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் அவர் பெயரும் துப்பாக்கியின் விவரமும் பதிந்திருக்கும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. மகிழ்ச்சிக்காக வானத்தை நோக்கிச் சுட்டு ஆபத்து விளைவித்தாலும் சிறை உண்டு. சென்னையில் உரிமம் தருபவர் மாநகரக் காவல் ஆணையர். அரசின் கண்ணுக்கு அந்தத் துப்பாக்கி எப்போதும் திறந்தே இருக்கிறது. மூடியிருக்க வேண்டியது நம் கண்ணுக்கு. வெள்ளையர் காலத்துச் சட்டத்தின் பயம் ஒளித்து வைப்பவனைப் பற்றியது. குடியரசின் விதிக்குக் காட்டித் திரிபவன் மீதே கண். ஆயுதம் தரித்தவன் அந்தஸ்து கோருகிறான் என்ற பழைய பாளையக் காலத்துப் புரிதல் இரண்டிலும் உயிரோடு இருக்கிறது.

இந்தியாவில் வெளிப்படையாக ஆயுதம் தாங்குவதற்கு மிக நெருங்கிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. குடகு மக்களுக்கு 1861 முதல் உரிம விலக்கு. 2019இல் அது மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டு, கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் அதை ஏற்றது. கயில் போல்து திருநாளில் அங்கே துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வழிபடுவார்கள். தமிழ்நாட்டில் தோளில் நாட்டுத் துப்பாக்கி தெரிய ஊர் சுற்றியவர்கள் நரிக்குறவர்கள். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு முடிவு கட்டியபின் அந்தக் காட்சியும் தேய்ந்தது. அந்தஸ்தே இல்லாதவர்கள் என்று ஊர் ஒதுக்கியவர்களிடம் மட்டும் கடைசி வரை துப்பாக்கி வெளியே தெரிந்தது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

சென்னையில் இன்று கண்ணில் படும் துப்பாக்கிகள் மூன்று வகை. போலீஸ்காரரின் இடுப்பில் இருப்பது ஒன்று. வங்கி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தாரின் இரட்டைக்குழல் ஒன்று. பிரமுகருக்குப் பின்னால் நிற்கும் கன்மேனின் துப்பாக்கி மூன்றாவது. அது சஃபாரி சட்டைக்குள் மூடித்தான் இருக்கும். ஆனாலும் அந்தப் புடைப்பு தெரிய வேண்டும் என்பதில் பல பிரமுகர்களுக்கு அக்கறை உண்டு. பாதுகாப்பை விலக்கினால் அறிக்கை விடுபவர்கள் அவர்களே.

உரிமக்காரர்களின் துப்பாக்கி முழுமையாக வெளியே வரும் சமயம் ஒன்றே. தேர்தல் தேதி அறிவித்ததும், காவல் ஆணையர் கேட்டுக்கொள்ளும் உரிமக்காரர்கள் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வங்கிக் காவலர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. வாக்கு எண்ணிக்கை முடிந்தபின் ரசீதைக் காட்டித் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.