உலிசேஸ் கரியோன் (1941–1989)

மெக்சிகோவின் வெராக்ருஸ் மாநிலத்திலுள்ள சான் ஆந்த்ரேஸ் துக்ஸ்த்லாவில் பிறந்து, ஆம்ஸ்டர்டாமில் மறைந்த எழுத்தாளர், கலைஞர். சிறுகதையில் தொடங்கிப் புத்தகம் என்ற பொருளையே தன் படைப்பாக்கிக்கொண்டவர்.

1966இல் எரா பதிப்பகமும் 1970இல் ஹொவாக்கின் மோர்த்திஸ் பதிப்பகமும் அவருடைய கதைத் தொகுதிகளை வெளியிட்டன. இரண்டுமே மெக்சிகோவில் பெயர்பெற்ற பதிப்பகங்கள். இளம் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது. அவரோ பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து என்று படிக்கப் போய், 1972இல் ஆம்ஸ்டர்டாமில் தங்கிவிட்டார். வழக்கமான கதை எழுத்தும் அத்துடன் நின்றது.

அவ்வாண்டே ‘சானட்(ஸ்)’ வந்தது. ஆங்கிலக் கவிஞர் தாந்தே கேப்ரியல் ரொசெட்டியின் ஒரு சானட்டை (பதினான்கு வரிக் கவிதையை) எடுத்து 44 வடிவங்களில் தட்டச்சு செய்திருந்தார். ஒன்று முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கும், இன்னொன்றில் வரிகளுக்கு அடிக்கோடு ஓடும். சில பக்கம் புரட்டியதுமே கவிதையின் பொருள் மங்கி, பக்கத்தின் தோற்றம் முன்னால் வந்து நிற்கும். அடுத்த ஆண்டின் ‘ஆர்கியூமென்ட்ஸ்’ நூலில் ஆட்பெயர்களைத் தவிர வேறெதுவும் இல்லை. எந்தப் பெயர் எதனருகே வருகிறது, எது காணாமற்போகிறது என்பதிலிருந்து நட்பையும் சண்டையையும் வாசகரே ஊகித்துக்கொள்ள வேண்டும். இதை இங்கிலாந்தின் டெவன் பகுதியில் அச்சிட்ட போ ஜெஸ்ட் பிரஸ்ஸிலும் மெக்சிகோக்காரர்களே முன்னின்றார்கள்: ஃபெலிப்பே எஹ்ரன்பெர்க், மார்த்தா எலியோன்.

இத்தனைக்கும் பின்னாலிருந்த கொள்கையை 1975இல் எழுதி வைத்தார். ஆக்டேவியோ பாஸ் நடத்திய ‘ப்ளூரால்’ இதழில் வந்த ‘புத்தகம் செய்யும் புதிய கலை’ என்ற கட்டுரை அது. புத்தகம் சொற்களை நிரப்பும் பை அல்ல, ஒன்றன்பின் ஒன்றாக வரும் வெளிகளின் வரிசை. பழைய கலையில் ஆசிரியர் பிரதியை மட்டும் எழுதினார், புதியதில் புத்தகத்தையே செய்கிறார் என்பது அதன் வாதம். சீண்டும் தொனி சற்றுத் தூக்கலானாலும், கலைஞர்கள் கலைப்படைப்பாகவே செய்யும் ‘கலைஞர் நூல்களை’ப் பற்றிய பேச்சில் இன்றும் தவிர்க்க முடியாத கட்டுரை.

அதே ஆண்டு, ஆம்ஸ்டர்டாமின் ஹெரன்கிராக்ட் கால்வாய்க் கரையில் ‘அதர் புக்ஸ் அண்ட் சோ’ என்ற கடையைத் திறந்தார். மற்றக் கடைகள் தொடாத கலைஞர் நூல்களும் அஞ்சலட்டைகளும் அங்கே விற்பனைக்கு இருந்தன. சில ஆண்டுகளில் கடை மூடப்பட்டு ஆவணக்காப்பகமானது.

பிறகு அவருக்குப் புத்தகமும் போதவில்லை. அரசு அஞ்சலுக்குப் போட்டியாக 1977இல் சொந்தத் தபால் அமைப்பொன்றை அறிவித்தார். 1981இல் தன்னைப் பற்றிய வதந்திகளை நண்பர்கள் மூலம் நகரில் பரப்பி, அவை போன வழியை ஆராய்ந்து உரையாற்றினார். 1984இல் மெக்சிகோவின் பழைய திரை நட்சத்திரம் லிலியா பிராதோவை நெதர்லாந்துக்கு வரவழைத்து, அவருக்கென்றே ஒரு விழா எடுத்தார். அந்த விழாவும் கரியோனின் கணக்கில் ஒரு படைப்புதான்.

2016இல் மாட்ரிட்டின் ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் அவருக்குப் பெரிய கண்காட்சி நடத்தியது. ‘அன்புள்ள வாசகரே, வாசிக்காதீர்’ என்ற அந்தக் கண்காட்சி மறு ஆண்டு மெக்சிகோ நகரின் ஹுமெக்ஸ் அருங்காட்சியகத்துக்கு வந்தது.