பார்வதிக் குன்றுக்குப் புறப்படுமுன்

ஆண்டு விழா முடிந்தபின் வரும் ஞாயிறன்று, நம் சங்கத்துக் குடும்பங்கள் யாவும் ஒன்றுகூடிப் பார்வதிக் குன்றுக்குச் சென்று வருவதெனச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. அக்குன்றின் வரலாற்றை மலரில் எழுதுமாறு நண்பர்கள் என்னைப் பணித்தனர். யான் பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்தவன். ரயில்வே பார்சல் அலுவலகத்தில் நாளெல்லாம் ரசீதுகளோடு காலங் கழிக்கும் எழுத்தன். வரலாற்றறிஞன் அல்லன். ஆயினும், புனே நகருக்கு வந்து சேர்ந்த இருபது ஆண்டுகளில், ஊரிலிருந்து வந்த உறவினர் ஒவ்வொருவரையும் அக்குன்றுக்கு அழைத்துச் சென்றவன் என்னும் தகுதி ஒன்று எனக்குண்டு. அத்தகுதி பற்றியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

பார்வதிக் குன்று நகரின் தென்பால் நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 அடி உயரம் என்பர். நகரமே 1,800 அடிக்கு மேல் உயர்ந்த பீடபூமியில் இருப்பதால், நாம் ஏற வேண்டியது சில நூறடிதான். படிகள் நூற்றுச் சொச்சம், அகன்றவை, தாழ்ந்தவை. பழனி ஏறிய கால்களுக்கு இஃதொரு பொருட்டன்று. ஆனால் உச்சியை அடைந்து வடதிசை நோக்கி நின்றால், புனே நகரம் முழுவதும் நம் காலடியில் விரிந்து கிடக்கும். தென்மேற்கே சிங்ககட் கோட்டை தொலைவில் தெரியும். இத்தனை எளிதாக இத்தனை பெருங்காட்சியைத் தரும் இடம் இந்நகரில் வேறில்லை.

இக்குன்றின்மேல் கோயில் எழுப்பியவர் நானாசாகேப் எனப்படும் பாலாஜி பாஜிராவ் பேஷ்வா. அவர் தந்தை முதலாம் பாஜிராவ் 1730-இல் சனிவார் வாடா அரண்மனைக்கு அடிகோலினார். மகன் 1740-இல் பேஷ்வா பதவி ஏற்றார். 1749-இல் இங்குத் தேவதேவேசுவரர் கோயிலை நிறுவினார். அவர்தம் அன்னை காசிபாயின் கால் நோய் இக்குன்றிலிருந்த தேவியின் அருளால் நீங்கியது என்றும், அந்நன்றியே கோயிலாக எழுந்தது என்றும் ஒரு கதை வழங்குகிறது. நடுவே சிவபெருமான்; நான்கு மூலைகளிலும் சூரியன், திருமால், கணபதி, தேவி ஆகியோர்க்குச் சிறு கோயில்கள். தெற்கே காத்ரஜ் ஏரியிலிருந்து நகருக்குக் குடிநீர் கொணரக் கால்வாய் அமைத்தவரும் இந்த நானாசாகேபே. புனேயைச் சிற்றூர் நிலையினின்று தலைநகராக வளர்த்த பெருமை அவரைச் சாரும்.

குன்றின்மேல் கார்த்திகேயர் கோயிலும் ஒன்று உண்டு. தமிழராகிய நமக்கு உள்ளம் துள்ளும் செய்தி அன்றோ! ஆனால் ஒன்றை முன்கூட்டியே தாய்மார்க்கு உரைத்தல் என் கடமை. மராட்டிய நாட்டில் கார்த்திகேயர் பிரமசாரி. வள்ளியும் இல்லை, தெய்வயானையும் இல்லை. பெண்கள் அவரைத் தரிசிக்கலாகாது என்பது இங்குள்ள பழைய வழக்கம். கார்த்திகைப் பௌர்ணமியோடு கிருத்திகை கூடும் நாள் மட்டும் அதற்கு விலக்கு.

இவ்வழக்கத்தை அறியாமல் சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரை அங்கு அழைத்துச் சென்றேன். முருகன் கோயில் என்றதும் அவர் முழங்கால் வலியையும் மறந்து படியேறினார். உச்சியில், நம்மோடு ஏறி வந்த மராட்டிய மூதாட்டி ஒருவர் இவ்வழக்கத்தைச் சொல்ல, யான் அதைத் தமிழில் எடுத்துரைத்தேன். தாயார் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, “சரிப்பா, அவுங்க ஊரு வழக்கத்தை நாம மீற வேணாம். ஆனா, வள்ளியைத் தேடிக்கிட்டுத் தினைப்புனத்துக்கே போனவன் ஆச்சே. என்னைப் பார்க்க மாட்டேன்னா சொல்லுவான்?” என்று கூறி, வெளியே நின்றபடியே கைகூப்பினார். அன்று அவர் நின்ற நிலை என் நெஞ்சில் ஆழப் பதிந்துவிட்டது. யார் உள்ளே, யார் வெளியே என்னும் வினாவோடு இக்குன்றை நோக்கத் தொடங்கியது அன்றுதான். அவ்வாறு நோக்குங்கால் அதன் வரலாறு வேறு விதமாய்த் தோன்றுகிறது.

கோயில் எழுந்து பன்னிரண்டு ஆண்டுகளில் நானாசாகேபின் முடிவு இக்குன்றிலேயே நேர்ந்தது. 1761 ஜனவரி 14 அன்று பானிபட்டில் மராட்டியப் பெரும்படை அழிந்தது. அவருடைய மூத்த மகன் விசுவாசராவும், சிற்றப்பன் மகன் சதாசிவராவும் அங்கே மாண்டனர். துணைப்படையோடு வடக்கே சென்றுகொண்டிருந்த பேஷ்வாவுக்கு, வணிகர் கடிதம் ஒன்றின் வாயிலாகச் செய்தி கிட்டியது. முத்துகள் என்றும் பொற்காசுகள் என்றும் மறைமொழியில் இழப்புகளைக் கணக்கிட்டிருந்தது அக்கடிதம். மனமுடைந்து திரும்பிய அவர், 1761 ஜூன் 23 அன்று இக்குன்றின்மேல் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பது. என் வயதுகூட ஆகவில்லை.

அடுத்து 1817-ஆம் ஆண்டு. பேஷ்வா பதவியில் இருந்தவர் நானாசாகேபின் தம்பி மகன் இரண்டாம் பாஜிராவ். ஆங்கிலேயருக்கும் அவருக்கும் பகை முற்றி, நவம்பர் 5 அன்று கிர்க்கியில் போர் மூண்டது. இன்று கட்கி என வழங்கும் அவ்விடம் நம்மவர் பலர் வாழும் பகுதியே. ஆங்கிலேயர் பக்கம் ஏறத்தாழ 2,800 பேர். பேஷ்வாவின் படை அதைப்போல் பல மடங்கு பெரிது. படையை நடத்தியவர் வீரர் பாபு கோகலே. பேஷ்வாவோ போர்க்களம் செல்லாமல், இப்பார்வதிக் குன்றின்மேல் நின்று போரை நோக்கியிருந்தார்.

உயரத்தில் நின்றவருக்குக் களம் முழுவதும் தெரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான குதிரை வீரர்கள் அலைபோல் பாய்ந்ததும் தெரிந்திருக்கும். ஆனால் குதிரைகள் பாய்ந்த வழியில் ஒரு சேற்று நிலம் இருந்தது. அதில் சிக்கிப் பாய்ச்சல் குலைந்தது, குண்டுகள் பொழிந்தன, போர் திசை மாறிற்று. குன்றின் உச்சியிலிருந்து நோக்குவார்க்குச் சேறும் புல்வெளியும் ஒரே பசுமைதான். நவம்பர் 17 அன்று நகரம் ஆங்கிலேயர் கைப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில் கோகலே ஆஷ்டியில் களத்தில் வீழ்ந்தார். ஜூன் மாதம் பாஜிராவ் சரணடைந்து, ஆண்டுக்கு எட்டு லட்சம் ரூபாய் உதவித்தொகை பெற்றுக்கொண்டு, கங்கைக்கரையிலுள்ள பிட்டூரில் 1851 வரை வாழ்ந்து மறைந்தார்.

பேஷ்வாக்கள் ஆவணி மாதந்தோறும் இக்குன்றின் அடிவாரத்தில் அந்தணர்க்குப் பெரும்பொருளைத் தட்சிணையாக வழங்கினர். அதே காலத்தில் இதே நகரில், தீண்டாதார் எனப் பெயரிடப்பட்ட மக்கள் தெருவில் நடப்பதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆட்சி மாறியது, கொடிகள் மாறின, கோயில் வாயில் மாறவில்லை. 1848-இல் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் இதே நகரில் பெண்களுக்குப் பள்ளி திறந்தனர். அதன் பிறகும் எண்பது ஆண்டுகள் பார்வதியின் படிகள் அம்மக்களுக்குத் திறக்கவில்லை.

1929 அக்டோபர் 13 அன்று, சிவராம் ஜான்பா காம்ப்ளே, பா. நா. ராஜ்போஜ் முதலியோர் தலைமையில், ஒடுக்கப்பட்ட மக்கள் கோயில் நுழைவு அறப்போரைத் தொடங்கினர். பிற வகுப்பு இளைஞர் சிலரும் உடன் நின்றனர். பழைமைவாதிகள் கல்லெறிந்தனர், ராஜ்போஜ் காயமுற்றார். அறப்போர் சில மாதங்கள் நீடித்தும் கதவு திறக்கவில்லை. ஆனால் அவர்கள் தொடங்கியது வீண் போகவில்லை. 1930 மார்ச்சில் நாசிக்கின் காலாராம் கோயில் வாயிலில் அம்பேத்கர் தலைமையில் போராட்டம் எழுந்தது. தெற்கே 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் வைத்தியநாத ஐயர் அரிசன அன்பர்களை அழைத்துச் சென்றார். 1947-இல் பம்பாய் மாகாணத்தில் அரிசன ஆலய நுழைவுச் சட்டம் பிறந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, தீண்டாமையையே ஒழித்தது.

உச்சியில் நின்ற பேஷ்வாவுக்குச் சேறு தெரியவில்லை. அடிவாரத்தில் கல்லடி பட்டவர்களுக்கு அது தெரிந்திருந்தது. இக்குன்றின் வரலாறு எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.

இனிப் பயணத் திட்டம். தை மாதத்தில் விடியற்பொழுதில் பனிமூட்டம் நகரை மறைக்கும். ஆதலின் எட்டு மணிக்குமேல் ஏறுதல் நன்று. ரயில் நிலையத்திலிருந்து சுவார்கேட் வரை நகரப் பேருந்தில் செல்லலாம். முதலில் சாரஸ்பாக் தோட்டத்துப் பிள்ளையாரை வணங்குவோம். அவ்விடம் பேஷ்வாக்கள் காலத்தில் ஏரி. நடுவிலிருந்த தீவில் 1784-இல் அமைக்கப்பட்டதே அக்கோயில். பின்னர் முதியோரை முன்விட்டு, அவர்கள் நடைக்கு ஏற்பப் படியேறுவோம். உச்சியிலுள்ள பேஷ்வா அருங்காட்சியகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். புளியோதரையும் தயிர்சாதமும் மகளிர் அணியினர் பொறுப்பு என அறிகிறேன். குடிநீரும், எச்சில் இலைகளைத் திரும்பக் கொணரப் பைகளும் ஆடவர் பொறுப்பாகட்டும்.

இறுதியாகச் செயற்குழுவினர்க்கு ஒரு விண்ணப்பம். பயணப் பட்டியலைப் பார்த்தேன். சந்தா செலுத்திய உறுப்பினர் குடும்பங்கள் மட்டுமே அதில் உள்ளன. நம் குடியிருப்பின் தெருக்களையும் கழிவுநீர்க் கால்வாய்களையும் நாள்தோறும் தூய்மை செய்யும் குடும்பங்கள் ஏழு, பின்வரிசைக் குடிலில் வாழ்கின்றன. அவற்றுள் நான்கு தமிழ்க் குடும்பங்கள். வட ஆர்க்காட்டிலிருந்து அவர்தம் பாட்டனார் காலத்திலேயே வந்தவர்கள். நம்மில் பலருக்கு முன்பே இந்நகரை அறிந்தவர்கள். சங்கத்தின் எந்தப் பட்டியலிலும் அவர்கள் பெயர் இதுவரை ஏறியதில்லை. யாரும் விலக்கவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை. சென்ற ஆண்டு வரை யானும் அழைத்தவன் அல்லன் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவ்வேழு குடும்பங்களின் பயணச் செலவில் என் பங்காக ஒரு தொகையைப் பொருளாளரிடம் தந்துள்ளேன். எஞ்சியதை அன்பர்கள் மனமுவந்து அளிப்பார்கள் என நம்புகிறேன். 1929-இல் மறுக்கப்பட்ட படிகளில், அவர்களும் நாமும் ஒரே வரிசையில் ஏற வேண்டும். உச்சியை அடைந்ததும் நகரின் அழகைக் கண்டு மகிழ்வோம். அங்கிருந்து தெரியாத நம் பின்வரிசைக் குடிலையும் மறவாதிருப்போம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சங்கக் கட்டிடத்து வாயிலில் சந்திப்போம். யான் பட்டியலோடு காத்திருப்பேன்.