வண்டியும் கூடாது, மேளமும் கூடாது: ஒரு கார் ஸ்டீரியோவின் முன்கதை



ஏப்ரல் 14க்கு முந்தைய வாரம் திருச்சி பாலக்கரைப் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் பட்டறையில் எங்கள் குடியிருப்பின் அம்பாசடர் நின்றிருந்தது. எண்பதுகளில் வந்த வண்டி. இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்கியது. சவாரிக்கும் போகும், பிரசவத்துக்கும் போகும், கல்யாணத்துக்கும் போகும். அம்பேத்கர் பிறந்தநாள் ஊர்வலத்தில் முன்னால் போக வேண்டும் என்பதற்காக அதில் ஸ்டீரியோ மாட்டக் கொண்டுவந்திருந்தோம்.

புது வண்டியென்றால் பின்பக்கம் ஒரு சாக்கெட் இருக்கும், செருகினால் பாடும். பழைய வண்டியில் அப்படியில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் ஸ்டீரியோவைத் தொடவே இல்லை. பானெட்டைத் திறந்து பேட்டரியின் எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்த்தார். "அந்தக் காலத்து இங்கிலீஷ் வண்டி சிலதுல பாசிட்டிவ் எர்த் இருக்கும் தம்பி. பாக்காம மாட்டினா செட்டு புகைஞ்சிரும்" என்றார். எங்கள் வண்டியில் நெகட்டிவ் எர்த்தான்.

பிறகு ஒவ்வொரு ஒயராகச் சொல்லிக்கொண்டே மாட்டினார். மஞ்சள் நேராக பேட்டரிக்கு. பேட்டரி பக்கத்திலேயே அதற்கு ஒரு ஃப்யூஸ். சிவப்பு, சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்துக்கு. இரண்டையும் சேர்த்து பேட்டரியில் கொடுத்துவிட்டால் செட்டை அணைக்க மறந்த இரவில் பேட்டரி இறங்கிவிடும், காலையில் வண்டியைத் தள்ள வேண்டும். கறுப்பு எர்த்துக்கு. பெயின்ட் மேலேயே திருகினால் எர்த் சரியாக நிற்காது, ரேஸ் கொடுக்கும்போதெல்லாம் பாட்டுக்குள் ஒரு 'ஙொய்' சத்தம் வரும். உப்புத்தாளால் தேய்த்து இரும்பு தெரியும் இடத்தில் முறுக்கினார். பழைய ஸ்பீக்கரின் ஒரு ஒயர் பாடியிலேயே சேர்ந்திருந்தது. இன்றைய செட்டுக்கு அது ஆகாது என்று அதை வெட்டிவிட்டு, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு ஒயர் இழுத்தார். அரைநாள் வேலை.

கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவர் பொறுமையிழந்து கேட்டார்: "பாட்டு செட்டுக்கு இவ்வளவு செலவா அண்ணே? இந்தக் காசுக்கு நம்ம பிள்ளைகளுக்கு நோட்டு வாங்கிக் குடுத்திருக்கலாமே?"

நியாயமான கேள்வி. பட்டறையில் நின்றுகொண்டு முழுதாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒரே பட்டியலில் மூன்றும்

1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி கட்டக் கூடாது, சட்டை அணியக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, பூச்சூடக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. நம் மக்கள் பணியவில்லை. குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அப்படியும் பணியாததால் 1931இல் தடைகள் பதினொன்றாக ஆயின. அன்றைய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையர் ஜே.எச். ஹட்டன் இவற்றைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அந்தப் பதினொன்றில் மூன்றை மட்டும் பாருங்கள். ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. திருமணத்திலும் மற்ற விழாக்களிலும் மேளம் முதலான இசை கூடாது. கல்யாண ஊர்வலத்தில் குதிரையில் போகக் கூடாது, வீட்டுக் கதவைப் பல்லக்காக்கித் தூக்கிக்கொள்ளலாம், எந்த வண்டியையும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது.

நோட்டா, பாட்டா என்று தம்பி கேட்டார். பட்டியல் போட்டவர்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. படிப்பு, இசை, வண்டி மூன்றும் ஒன்றுதான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மூன்றுமே ஒரு மனிதன் தலைநிமிர்ந்து தெருவில் வருவதற்கான வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மக்கள் இசை எழுப்பவே கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. அவர்கள் வீட்டுச் சாவுக்குப் பறை அடித்தாக வேண்டும், அவர்கள் கோயில் கொடைக்கு அடித்தாக வேண்டும், அடிக்க மறுத்தால் உதை. நம் வீட்டுக் கல்யாணத்துக்கு, நம் மகிழ்ச்சிக்கு அடிக்கக் கூடாது. ஆக, சிக்கல் சத்தத்தில் இல்லை. அது யாருக்கான சத்தம் என்பதில் இருந்தது.

அதே 1930இல்தான் அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் காரில் பொருத்தும் வானொலியை 'மோட்டரோலா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். உலகின் ஒரு மூலையில் வண்டியையும் பாட்டையும் ஒன்றாக இணைத்துக்கொண்டிருந்த காலத்தில், நம் மண்ணில் இரண்டையும் ஒன்றாகத் தடை செய்துகொண்டிருந்தார்கள்.

பாபாசாகேப் ஏறிய வண்டிகள்

வண்டி என்பது நமக்கு வெறும் வசதிப் பொருள் அல்ல என்பதை அண்ணலின் வாழ்க்கையே சொல்லும். 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' என்ற தன் நினைவுக் குறிப்பில் இரண்டு நிகழ்ச்சிகளை எழுதியிருக்கிறார். 1901இல், சிறுவனாக, அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டுவண்டிக்காரரும் வரவில்லை. கடைசியில் இரட்டை வாடகை தருவதாகச் சொன்னதும் ஒருவர் சம்மதித்தார். அதுவும் பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார்.

1929இல் பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகப் பயணம் செய்தபோது சாலிஸ்காவில் இறங்குகிறார். இப்போது அவர் பாரிஸ்டர். ஆனாலும் டோங்கா ஓட்டுபவர் எவரும் அவரை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தயாராக இல்லை. டோங்கா கிடைத்தது, ஓட்டுநர் கிடைக்கவில்லை. ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு மகர் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார், கால் எலும்பு முறிந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களும் இதை அறிந்திருந்தார்கள். 1955–56இல் மாண்ட்கோமரியில் பேருந்துகளைப் புறக்கணித்த 381 நாட்களும் அவர்களைச் சுமந்தவை தங்கள் கால்களும், தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட கார்களும்தான். சொந்த வண்டி இருந்தால் எவன் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை.

உறையூரிலிருந்து திருவரங்கத்துக்கு

நம் ஊருக்கு வருவோம். திருப்பாணாழ்வார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உறையூர்க்காரர், பாணர் குலம், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர். காவிரியைத் தாண்டித் திருவரங்கத் தீவில் கால் வைக்கக் கூடாது என்று தென்கரையில் நின்றே பாடிக்கொண்டிருந்தாராம். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் விலகச் சொல்லியும் பாட்டில் லயித்திருந்தவருக்குக் காதில் விழவில்லை. கல்லெறிந்தார், நெற்றியில் ரத்தம். பிறகு அரங்கனே ஆணையிட்டதால் அதே முனிவர் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்றும், அங்கே அவர் இறைவனோடு கலந்துவிட்டார் என்றும் மரபு சொல்கிறது.

பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அவர் பாடிய 'அமலனாதிபிரான்' பத்துப் பாசுரங்கள் கோயிலுக்குள் நுழைந்தன, நூற்றாண்டுகளாக ஓதப்படுகின்றன. ஆனால் அவருடைய மக்கள் எப்போது நுழைந்தார்கள்? சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு அதிகாரச் சட்டம் வந்ததே 1947இல்தான். குரல் ஆற்றைத் தாண்டியது. உடம்பு தாண்டவில்லை. தாண்டிய ஒரே உடம்பும் கருவறையில் மறைந்துபோனது. நந்தனார் கதையிலும் இதேதான்.

அகில இந்திய வானொலியின் திருச்சி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. வானொலி வந்ததும் ஒலி எல்லாத் தெருவுக்கும் பொதுவாகியிருக்க வேண்டும். ஆனால் வானொலிப் பெட்டி விலை அதிகம். அதை வைத்திருக்க உரிமம் வாங்கிப் பணம் கட்ட வேண்டும், 1980கள் வரை அந்த நடைமுறை இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் யார் பாடலாம் என்பதை முடிவு செய்யும் இடத்தில் சேரி இல்லை. கேட்பதற்கே வழியில்லாதவர்கள் பாடுவது எங்கே?

இந்தப் பூட்டை உடைத்தது கேசட். 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்தச் சின்னப் பெட்டி எண்பதுகளில் நம் கிராமங்கள்வரை வந்துசேர்ந்தது. நிலையம் வேண்டாம், அனுமதி வேண்டாம். ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தால் பாடலாம், பதியலாம், படியெடுத்து அடுத்த ஊருக்குக் கொடுக்கலாம். வளைகுடாவுக்குப் போன நம் பிள்ளைகள் திரும்பும்போது தோளில் தொங்கவிட்டு வந்ததும் அந்த டேப் செட்டைத்தான். தொண்ணூறுகளில் மதுரையில் தலித் கலை விழாக்கள் நடந்தன. கட்டாயத்துக்கு அடித்த பறையை விடுதலைக்கு அடிக்கலாம் என்று மேடையில் நின்று சொன்னார்கள்.

உடைத்தார்கள்

1995 ஆகஸ்ட் 31. தூத்துக்குடிப் பக்கம் கொடியங்குளம். வளைகுடா உழைப்பால் ஓரளவு நிமிர்ந்திருந்த ஊர். பெரும் போலீஸ் படை பட்டப்பகலில் உள்ளே புகுந்தது. எதை உடைத்தார்கள் என்று பாருங்கள்: தொலைக்காட்சி, மின்விசிறி, டேப் ரெக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர், கார், லாரி. எதை எரித்தார்கள்? துணிமணிகள், பாஸ்போர்ட்டுகள், படித்த பிள்ளைகளின் சான்றிதழ்கள்.

1931இன் பட்டியலை மறுபடி படியுங்கள். படிப்பு, பாட்டு, வண்டி. 64 ஆண்டுகள் கழித்து, சுதந்திர நாட்டில், அதே மூன்றையும் தேடிப் பிடித்து அழித்திருக்கிறார்கள்.

நம் திருச்சி மாவட்டத்துக்கு வாருங்கள். 2002, லால்குடி வட்டம் திண்ணியம். தொகுப்பு வீட்டுக்காகக் கொடுத்த பணம் முழுதாகத் திரும்பி வரவில்லை என்று ஒரு தலித் தோழர் ஊருக்குள் பறையடித்து அறிவித்தார். மனு இல்லை, வழக்கு இல்லை. நடந்ததைச் சத்தமாகச் சொன்னார், அவ்வளவுதான். அவருக்குத் துணை நின்ற இருவரைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடுபோட்டு, ஒருவர் வாயில் மற்றவரை மலம் திணிக்க வைத்தார்கள். மற்றவர் சாவுக்கு அடிக்கும்வரை பறை பிரச்சினையில்லை. நியாயம் கேட்டு அடித்ததுமே தண்டனை, அதுவும் பேசிய வாய்க்கு.

"அந்தத் தெரு வரைக்கும் அணைச்சிருங்க"

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் எங்கள் ஊர்வலம் புறப்படும்போது ஓர் அதிகாரி வந்து மென்மையாகச் சொன்னார்: "பாட்டெல்லாம் போடுங்க. அந்தத் தெருவைத் தாண்டுற வரைக்கும் மட்டும் அணைச்சிருங்க. எதுக்கு வம்பு?" நாங்களும் அணைத்தோம். முந்நூறு மீட்டர் இருக்கும். அந்த மௌனத்தில் சக்கரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் வந்த எட்டு வயதுப் பிள்ளை "ஏன்ப்பா நிறுத்திட்டாங்க?" என்று கேட்டதும் கேட்டது. அந்த முந்நூறு மீட்டரை இன்றுவரை என்னால் கடக்க முடியவில்லை.

அன்று எனக்குச் சட்டம் சரியாகத் தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989, 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது, செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது, திருமண ஊர்வலத்தையும் அதில் குதிரையிலோ வேறு வாகனத்திலோ வருவதையும் தடுப்பது, சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களைத் தடுப்பது எல்லாம் பிரிவு 3(1)(za)இன்படி குற்றம். 1931 தடைப் பட்டியலைத் தலைகீழாகத் திருப்பி எழுதியதுபோல இருக்கிறது இந்தப் பிரிவு.

அதே நேரம் ஒலி மாசு விதிகள் 2000 எல்லாருக்கும் பொது. ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் கூடாது. இதை நாம் மதிப்போம். ஆனால் எந்தத் தெருவில் அணைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "எழுதிக் குடுங்க சார்." இதே நிபந்தனை அந்தத் தெருவின் சாமி ஊர்வலம் நம் தெரு வழியாக வரும்போதும் உண்டா என்றும் கேளுங்கள்.

எதைப் போடுவது?

கடைசியாக ஒன்று. இது நமக்குள் பேச வேண்டியது.

இன்று தென்மாவட்டப் பேருந்துகளிலும் வேன்களிலும் சாதிப் பெருமைப் பாடல்கள் அலறுகின்றன. அரிவாளும் ரத்தமும் பரம்பரையும்தான் அவற்றின் பொருள். நம் பிள்ளைகளும் அதற்குப் பதிலாக நம் உட்சாதிப் பெயரில் ஒரு பாட்டைத் தேடிப்பிடித்து, அதைவிடச் சத்தமாகப் போடுகிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் செருப்புப் போட, சட்டை போட, வண்டியேற, மேளம் வைக்க அடிவாங்கியவர்கள், தங்கள் பேரன் ஒருநாள் அந்த வண்டியில் ஏறி இன்னொரு சாதிப் பாட்டைப் போடுவான் என்பதற்காகவா அடிவாங்கினார்கள்? அயோத்திதாசப் பண்டிதர் நம்மைச் 'சாதி பேதமற்ற தமிழர்' என்று அழைத்தார். அந்தச் சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்டு 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. கானாவும் பறையும் அங்கே சாதியைக் கேள்வி கேட்டன. நம்மிடம் பாட்டுக்குப் பஞ்சமில்லை.

இந்த ஆண்டு ஊர்வலத்தில் அம்பாசடர்தான் முன்னால் போனது. அரிஸ்டோ ரவுண்டானாவில் அண்ணல் சிலைக்கு மாலை போடும்வரை ஓர் இடத்திலும் செட்டை அணைக்கவில்லை. கேள்வி கேட்ட தம்பிதான் முன் சீட்டில் உட்கார்ந்து பாடல்களைத் தேர்ந்தெடுத்தார். மறுவாரம் மிச்சப் பணத்தில் நோட்டும் வாங்கினோம். பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததும் அதே வண்டியில்தான், பாட்டு போட்டுக்கொண்டே.

ஜெய் பீம்!