நடிகர் சொன்னார், ஜெர்மனி வாங்கியது

போன வாரம் பெர்லின் சுவர் விழுந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். கிழக்கு ஜெர்மனியில் போனுக்கு மனுப் போட்டுவிட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் ஏராளம். அவர்கள் வீட்டுக்கெல்லாம் கம்பி இழுக்கும் வேலை, தபால் துறையிலிருந்து பிரிந்து வந்த டாய்ச்ச டெலிகாம் தலையில் விழுந்தது. பழைய கடனோடு இந்தச் செலவும் சேர, மொத்தக் கடன் நூறு பில்லியன் மார்க்கைத் தாண்டியது. 1998-ல் ஏகபோக உரிமையும் பறிபோகவிருந்தது. பங்குகளை மக்களிடம் விற்பது என்று முடிவானது.

ஆனால், ஜெர்மானியர்களுக்குப் பங்குச் சந்தை என்றாலே கொஞ்சம் ஒவ்வாமை. சேமிப்புக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அவர்கள். அவர்களை அசைக்க மான்ஃபிரெட் குரூக் வந்தார். டிவி தொடர்களில் போலீஸ் அதிகாரியாகவும் வக்கீலாகவும் நடித்து, வீட்டு மனிதர்போல ஆகிவிட்ட நடிகர். டெலிகாம் சந்தைக்குப் போகிறதா, கூடவே நானும் போகிறேன் என்று விளம்பரத்தில் அவர் சொல்ல, ‘மக்கள் பங்கு’ என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 1996 நவம்பர் 18-ல் வர்த்தகம் தொடங்கியது. வெளியீட்டு விலை 28.50 மார்க். சுமார் 19 லட்சம் சிறு முதலீட்டாளர்கள் வாங்கினார்கள். நடிகரின் முகம் ஒரு சாக்குதான்; பின்னால் அரசு நிற்கிறது என்பதே அவர்களின் தைரியம்.

2000 மார்ச்சில் பங்கு 103 யூரோவைத் தொட்டது. ஜூனில் மூன்றாவது விற்பனை, 66.50 யூரோவுக்கு. சிறு முதலீட்டாளர்களில் முந்திக்கொண்டவர்களுக்கு 3 யூரோ தள்ளுபடி வேறு! 1996-ல் திரண்ட பணம் கம்பெனிக்குப் போனது. இந்த முறை விற்றது அரசு வங்கியான கே.எஃப்.டபிள்யூ. அதாவது, விலை உயரத்தில் இருக்கும்போதே கைமாற்றியது அரசுத் தரப்பு. போதாததற்கு, அதே வருஷம் ஆகஸ்டில் 3ஜி அலைக்கற்றை ஏலம். அதில் அரசு அள்ளிய சுமார் 50 பில்லியன் யூரோவில் எட்டு பில்லியனுக்கு மேல் டெலிகாம் கட்டியது. முதலாளியும் அரசு, விற்றவரும் அரசு, ஏலம் போட்டவரும் அரசு. சிறு முதலீட்டாளர் எந்தப் பக்கம் நின்றாலும் எதிரில் அரசுதான்.

2002 கோடையில் பங்கு பத்து யூரோவுக்கும் கீழே போனது. ஜூலையில் தலைவர் ரோன் சோமர் பதவி விலகினார். சுமார் 17,000 பேர் வழக்குப் போட்டார்கள். இத்தனை வழக்குகளை ஒன்றாக விசாரிக்க 2005-ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஸ்பிரின்ட் கம்பெனிப் பங்குகளை டெலிகாம் தன் துணை நிறுவனத்துக்கே மாற்றிவிட்டு, மூன்றாவது விற்பனைக்கான வெளியீட்டு அறிக்கையில் ‘விற்பனை’ என்று எழுதியிருந்தது. அது பெரிய பிழைதான் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் சொன்னது. சமரசம் வந்தது 2021-ல். இருபது வருஷம் இழுத்தடித்த நியாயம் என்ன நியாயம்? குரூக் மட்டும் 2007-லேயே, தன்னை நம்பி வாங்கியவர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுவிட்டார்.

நேரடியாகவும் கே.எஃப்.டபிள்யூ. வங்கி வழியாகவும் கால்வாசிக்கு மேற்பட்ட பங்குகள் இன்றும் ஜெர்மனி அரசிடம்தான் இருக்கின்றன. 2000 ஜூனில் மக்கள் கொடுத்த விலையை அந்தப் பங்கு இதுவரை திரும்ப எட்டவில்லை.

(தொடரும்)