பென்சில் ஒன்பதும் குருந்தம் ஒன்பதும்

போன வருஷம் மகன் புதுக் கார் வாங்கினான். செராமிக் கோட்டிங் போட பூந்தமல்லி பக்கம் ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனான். "இது 9எச் சார், வைரத்துக்கு அடுத்த கடினம். கீறலே விழாது" என்றார் கடைப் பையன். மகன் என்னைப் பார்த்தான். நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

பேசியிருக்க வேண்டும். எண்பதுகளில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் பெயின்ட் பிரிவில் அந்த எச் சோதனையை என் கையாலேயே செய்தவன் நான்.

வைரத்துக்கு அடுத்தது என்ற பேச்சு வேறொரு அளவுகோலைச் சேர்ந்தது. 1812-ல் பிரெடரிக் மோஸ் என்ற கனிம அறிஞர் பத்துக் கனிமங்களை வரிசைப்படுத்தினார். எது எதைக் கீறும் என்பதுதான் கணக்கு. மாக்கல்லின் மூலப்பொருளான டால்க் 1, குவார்ட்ஸ் 7, வைரம் 10. ஒன்பதாவது இடம் குருந்தத்துக்கு. மாணிக்கமும் நீலமும் அந்த இனம்தான். ஆங்கிலத்தில் வழங்கும் கொரண்டம் என்ற பெயரே நம் குருந்தத்திலிருந்து போனது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளில் அது உண்டு.

பெயின்ட்காரர்களின் 9எச் பென்சிலில் பிறந்தது. 1795-ல், இங்கிலாந்தோடு நடந்த போரால் நல்ல கிராஃபைட் வராமல் பிரான்ஸ் தவித்தபோது, கோன்டே என்பவர் கிராஃபைட் தூளோடு களிமண் சேர்த்துச் சுட்டு பென்சில் குச்சி செய்தார். களிமண் கூடினால் குச்சி கடினம், குறைந்தால் மென்மை. பின்னால் கடினத்துக்கு எச், கருமைக்கு பி என்று எழுத்து வந்தது. அந்தப் பென்சில்களையே பெயின்ட் சோதனைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

சோதனை எளிது. குச்சியின் நுனியை உப்புத்தாளில் தட்டையாகத் தேய்த்து, 45 டிகிரி சாய்வில், 750 கிராம் பாரத்தோடு பெயின்ட் மேல் தள்ள வேண்டும். கீறாத பென்சில்களில் எது மிகக் கடினமோ அதுவே பெயின்டின் மதிப்பு. ஐஎஸ்ஓ 15184 முறையில் வரிசை 9பி-யில் தொடங்கி 9எச்-சில் முடிகிறது. ஆகவே 9எச் என்றால், பெட்டியில் உள்ள கடைசிப் பென்சிலும் கீறவில்லை என்று மட்டுமே பொருள். குருந்தத்துக்கும் அதற்கும் உறவில்லை.

நம் பருத்திப்பட்டில் சாலைப் புழுதி என்பது பெரும்பாலும் மணல். மணல் என்றால் குவார்ட்ஸ், மோஸ் கணக்கில் 7. காய்ந்த துணியால் அந்தப் புழுதியோடு சேர்த்துத் துடைத்தால் கோட்டிங் என்ன செய்யும்? மூன்றே மாதத்தில் பானட் மேல் சிலந்திவலை மாதிரிக் கீறல்கள். துடைத்ததும் நான்தான், காலை நடை முடிந்து வந்து, பிள்ளைக்கு உதவியாக.

கோட்டிங்கே வீண் என்று சொல்லவில்லை. தண்ணீர் நிற்காமல் உருண்டு ஓடுகிறது, அழுக்கு சுலபமாகப் போகிறது. ஆனால் முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை இறக்கிவிட்டுத்தான் துணி வைக்க வேண்டும்.

மகனிடம் இரண்டு ஒன்பதையும் விளக்கினேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அப்பா" என்றான். என்னிடம் பதில் இல்லை. நீங்களாவது கடையில் 9எச் என்றால், "பென்சிலா, குருந்தமா?" என்று கேட்டுவிடுங்கள்.