பனிக்கட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் இரும்பு



வெப்பக் கடத்தியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது நாம் பெரும்பாலும் கரண்டியைத்தான் கையில் எடுக்கிறோம். சுடுநீரில் ஓர் எஃகுக் கரண்டியையும் ஒரு மரக் கரண்டியையும் வைத்து, எது முதலில் சுடுகிறது என்று மாணவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறு சோதனையின் கருத்து, பூமியின் தென்கோடியில் ஒரு பெரிய தேடுதல் பயணத்திற்கே காரணமாக இருந்திருக்கிறது. உலோகங்கண்டறி கருவிகளைப் பனிக்கட்டியின்மேல் இழுத்துச் சென்ற அந்தப் பயணத்தின் வரலாற்றைத்தான் இங்கு எழுத விரும்புகிறேன்.

முதலில் கருவியைப் பற்றிச் சில சொற்கள். 1881 சூலை 2-ஆம் நாள் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேடுவதற்குத் தொலைபேசியைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு மின்காந்தக் கருவியைச் செய்து கொண்டுவந்தார். படுக்கையில் இருந்த எஃகுச் சுருள்கள் அக்கருவியைக் குழப்பின. தலைமை மருத்துவரோ, தாம் குண்டு இருப்பதாக நம்பிய பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு கிடைக்கவில்லை, செப்டம்பரில் அதிபர் இறந்தார். பின்னர் இரண்டாம் உலகப் போரின்போது, 1941-42 குளிர்காலத்தில், ஸ்காட்லாந்தில் தங்கியிருந்த போலந்து நாட்டுப் படை அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடிகளைக் கண்டறியும் கருவியை வடிவமைத்தார். அதற்குக் காப்புரிமை கோராமல் பிரிட்டிஷ் படைக்கே கொடுத்துவிட்டார். 1942-இல் எல் அலமெய்ன் பாலைவனப் போரில் அக்கருவிகள் பயன்பட்டன. குளிர்நாட்டில் பிறந்த கருவி மணலில் பெயர் பெற்றது!

கருவியின் தத்துவம் எளிது. கம்பிச் சுருளில் மாறும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் காந்தப்புலம் எழும். அருகே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்பும். அதைச் சுருள் உணர்ந்து ஒலியெழுப்பும். பனி இதற்குத் தடையாக இருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். உண்மை வேறு. தூய பனிக்கட்டி மின்சாரத்தை அரிதாகவே கடத்துவதால், காந்தப்புலம் அதனூடே தாராளமாகச் சென்று வரும். நம் நாட்டுச் செம்மண்ணைப் போல் இரும்புத் தாதுக்கள் கலந்த மண்தான் கருவியை ஓயாமல் கத்த வைக்கும். பனியில் தொல்லை தருபவை வேறு. குளிரில் மின்கலத்தின் ஆற்றல் விரைவில் குறைகிறது. கம்பிகளின் உறை விறைத்து வெடிக்கிறது. கையுறை அணிந்த விரல்களால் சிறு பொத்தான்களை அழுத்த முடிவதில்லை.

இனி அண்டார்டிகாவுக்கு வருவோம்.

அங்கு முதல் விண்கல் 1912 டிசம்பரில் கிடைத்தது. ஆஸ்திரேலியரான டக்ளஸ் மாசனின் ஆய்வுப் பயணத்தில் சென்ற ஃபிராங்க் பிக்கர்டன் என்பவரின் குழு, பனிப்பரப்பில் கிடந்த சுமார் ஒரு கிலோ எடையுள்ள கருங்கல்லைக் கண்டெடுத்தது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஏதோ ஒன்றிரண்டுதான் கிடைத்தன. 1969 டிசம்பரில் யமாட்டோ மலைகளுக்கு அருகே பனியை ஆராயச் சென்ற ஜப்பானியர், ஓரிடத்திலேயே ஒன்பது விண்கற்களைக் கண்டனர். ஒரே கல் வானில் உடைந்து ஒன்பதாக விழுந்திருக்கும் என்று யாரும் எண்ணுவர். சோதித்தபோது அவை வெவ்வேறு வகையைச் சேர்ந்தவை என்று தெரிந்தது. வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு இடங்களில் விழுந்த கற்கள் ஓரிடத்தில் வந்து கூடியது எப்படி?

பனிதான் அவற்றைச் சுமந்து வந்தது. அண்டார்டிகாவின் நடுப்பகுதியில் விழும் கல் பனியில் புதைந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பனியோடு சேர்ந்து மெல்ல நகர்கிறது. வழியில் மலைத்தொடர் குறுக்கிட்டால் பனிக்கட்டி மேல்நோக்கித் தள்ளப்படுகிறது. அவ்விடத்தில் வீசும் வறண்ட கடுங்காற்று பனிக்கட்டியை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஆவியாக்கிவிடும். பனி போகும், கல் தங்கும். இத்தகைய நீலப் பனிப்பரப்புகளில் வெள்ளைத் தட்டில் மிளகு சிந்தினாற்போல் விண்கற்கள் கிடக்கின்றன.

இதை உணர்ந்த அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கேசிடி தேடுதல் திட்டமொன்றுக்கு நிதி கேட்டார். முதலில் மறுக்கப்பட்டது. 1974-இல் ஜப்பானியர் ஒரே பருவத்தில் 663 கற்களைச் சேகரித்துவிட்டனர்! அதன் பிறகே மனம் மாறியது; 1976 முதல் அமெரிக்கக் குழுக்களும் செல்லத் தொடங்கின. 1982 சனவரியில் கிடைத்த ஒரு கல் நிலவிலிருந்து வந்தது என உறுதியானது. 1984 டிசம்பரில் ஆலன் மலைப்பகுதியில் கிடைத்த இன்னொரு கல் செவ்வாயிலிருந்து வந்தது. அதில் உயிரின் தடயம் உண்டா என்று 1996-இல் உலகமே பேசியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இன்று உலகிலுள்ள விண்கல் மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அண்டார்டிகாவில் எடுக்கப்பட்டவையே.

இவ்வளவு கிடைத்த பிறகு ஒரு கணக்கு மட்டும் உதைத்தது. உலகின் பிற பகுதிகளில் கிடைக்கும் விண்கற்களில் நூற்றுக்கு ஐந்தளவில் இரும்பு விண்கற்கள். அண்டார்டிகாவிலோ நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. வானத்திலிருந்து விழும் இரும்பு தென்துருவத்தை மட்டும் ஒதுக்கிவிட்டு விழுமா?

இரும்பு விண்கல் எதற்கு இத்தனை முக்கியம் என்று கேட்கலாம். சூரியக் குடும்பம் உருவான தொடக்கத்தில் தோன்றி, மோதி உடைந்துபோன சிறு கோள்களின் உட்கருதான் பெரும்பாலான இரும்பு விண்கற்கள். நம் பூமியின் உட்கரு 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதை எவரும் தொட இயலாது. தொடக்கூடிய உட்கரு இவை மட்டுமே.

வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்தில் வாழும் மக்கள் எந்தக் கருவியுமின்றி விண்ணிரும்பை அறிந்திருந்தனர். அதைத் தட்டிக் கத்தி செய்துகொண்டனர். 1897-இல் ராபர்ட் பியரி அந்த இரும்பின் மிகப் பெரிய துண்டை, சுமார் 31 டன் எடையுள்ளதை, நியூயார்க்குக்குக் கப்பலேற்றினார். அதே ஆண்டு அம்மக்களில் அறுவரையும் அழைத்துச் சென்றார். நால்வர் சில மாதங்களுக்குள் நோயுற்று இறந்தனர். அவர்களின் எலும்புகள் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 1993-இல்தான் அவை ஊர் திரும்பின. இரும்பு இன்னும் நியூயார்க்கில்தான் இருக்கிறது. விண்கல் வரலாற்றை மாணவருக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

தென்துருவப் புதிருக்கு இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கணிதவியலாளர் ஜெஃப்ரி எவட்டும் உடன் ஆய்வாளர்களும் 2016-இல் ஒரு விடையை முன்வைத்தனர். நம் கரண்டிப் பாடம் இங்கேதான் வருகிறது. மேலெழுந்து வரும் விண்கல் பரப்பை அணுகும்போது, கோடைச் சூரியனின் ஒளி பனிக்கட்டியை ஊடுருவி அதன்மேல் படுகிறது. கல்லாக இருந்தால் மேற்புறம் சூடாகும். வெப்பம் அடிப்புறம் சேர நேரமாகும். இரும்பாக இருந்தால் வெப்பம் உடனே அடிப்புறத்துக்குக் கடத்தப்பட்டு, அங்குள்ள பனியை உருக்கும். இரும்பு சற்றே கீழே இறங்கும். ஆண்டு முழுவதும் பனி மேலே தூக்குவதைக் கோடை வெயில் மீண்டும் கீழே இறக்கிவிடுகிறது. ஆகவே இரும்பு விண்கற்கள் பரப்புக்குச் சில பத்து சென்டிமீட்டர் கீழே, வெளியே தலைகாட்ட முடியாமல் சிக்கியிருக்கலாம் என்பது அவர்களின் கணிப்பு. ஆய்வகத்தில் பனிக்கட்டிக்குள் விண்கற்களை வைத்து விளக்கொளி பாய்ச்சிப் பார்த்தனர். கல்லைவிட இரும்பு விரைவாக இறங்கியது.

கண்ணுக்குத் தெரியாத இரும்பைத் தேட உலோகங்கண்டறி கருவி வேண்டும். ஆனால் கடற்கரையில் நாணயம் தேடுவோர் கையில் வைத்திருக்கும் கருவியால் அந்தப் பரந்த வெளியைத் துழாவ ஓர் ஆயுள் போதாது. எனவே அகலமான தட்டைப் பலகைகளில் சுருள்களைப் பதித்து, அவற்றை வரிசையாகப் பிணைத்து, பனியில் ஓடும் இயந்திர வண்டியின் பின்னால் கட்டி இழுக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். வண்டியின் இரும்பே கருவியை ஏமாற்றாதிருக்க இடைவெளி விடவேண்டும். காற்று செதுக்கிய பனிமேடுகளில் மோதி உடையாத பொருளால் பலகை அமைய வேண்டும். நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் முதலில் ஒத்திகை நடந்தது.

2018-19 பருவத்தில் அக்குழுவின் விண்கல் அறிஞர் கேத்தரின் ஜாய் அண்டார்டிகா சென்று, பரப்பிலேயே கிடந்த 36 விண்கற்களைச் சேகரித்து இடத்தை உறுதி செய்தார். அடுத்த பருவத்தில் பலகைகள் நீலப் பனியில் இழுக்கப்பட்டன. (அங்கே கோடை என்பது டிசம்பரும் சனவரியும்; நம் பிள்ளைகளுக்கு இதுவே ஒரு வியப்பு.) ஒளிந்திருக்கும் இரும்புப் படலம் என்ற கருதுகோள் இன்னும் கருதுகோளாகவே நிற்கிறது. ஒரு சதுரக் கிலோமீட்டருக்கு ஒரு துண்டு இருப்பதே அரிது என்னும்போது, ஒரு பருவத் தேடுதல் எதையும் தீர்த்துவிடாது.

இதற்கிடையே 2024-இல் வெளியான ஓர் ஆய்வு கவலை தருகிறது. பூமி வெப்பமடைவதால், இதுவரை பரப்பில் தங்கியிருந்த கல் விண்கற்களும் இரும்பைப் போலவே இறங்கத் தொடங்கிவிட்டன. காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் கருங்கல் வெயிலில் சூடேறித் தன் அடியிலுள்ள பனியை உருக்கிக்கொள்கிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 விண்கற்கள் இவ்வாறு கைக்கு எட்டாமல் போகின்றன என்றும், 2050-க்குள் கால்பங்கு மறைந்துவிடும் என்றும் அவ்வாய்வு மதிப்பிடுகிறது. இன்னும் அங்கே எடுக்கப்படாமல் கிடப்பவை 3 இலட்சம் முதல் 8 இலட்சத்துக்கும் மேல் என்பது அதே ஆய்வின் கணக்கு.

இரும்புத் துண்டு அமிழ்ந்தால் பலகைக் கருவி அதை உணர்ந்துவிடும். கல் விண்கற்களில் உலோகம் பெரும்பாலும் பொடிப்பொடியான மணிகளாகவே சிதறிக் கிடக்கிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. நிலவிலிருந்தும் செவ்வாயிலிருந்தும் வந்த கற்கள் அந்த வகையைச் சேர்ந்தவை. அவை ஒரு சாண் ஆழம் இறங்கிவிட்டால் மேலே எத்தனை முறை பலகையை இழுத்தாலும் ஒலி எழாது.