குன்னூர் மலைச்சாலையும் சரிவின் நிலைப்பும்

நீலகிரியில் சாலை அமைந்த வரலாறு பெரும்பாலும் ஜான் சலிவனின் கதையாகவே சொல்லப்படுகிறது. சாலைக்காக வெட்டுண்ட மலைச்சரிவின் வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. ஏற்றத்தைத் தணிப்பதே இங்கு நெடுங்காலம் பொறியாளர்களின் முதற்கவலையாக இருந்தது. சரிவுக்குள் ஊறும் நீர் அவர்கள் கணக்குக்குள் வந்தது மிகவும் பிந்தித்தான் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சலிவனின் முயற்சியால் 1821-23இல் சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கமாக முதல் பாதை ஏறியது. குதிரையும் சுமைதூக்கும் கூலியாளும் ஏறும் ஒடுக்கமான பாதை. மலைக்கு நேர்ந்த காயமும் சிறிது. 1830களின் தொடக்கத்தில் மதராஸ் பயனியர் படையினர் வெட்டிய குன்னூர் பாதை வண்டிகளுக்கு மிகச் செங்குத்தாக இருந்தது. எனவே 1871 வாக்கில் கர்னல் லா மேற்பார்வையில் புதிய சாலை வந்தது. குன்னூருக்குக் கீழேயுள்ள லாஸ் அருவி இவர் பெயரைத் தாங்கியதே.

மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,400 மீட்டர். பத்தடிக்கு ஓரடி ஏறினால் 14 கிலோமீட்டரில் மேலே போய்விடலாம். மாட்டுவண்டிக்காகப் பதினெட்டடிக்கு ஓரடி என்று தணித்தால் 25 கிலோமீட்டர் வேண்டும். அந்தக் கூடுதல் நீளத்துக்கு இடம் கொடுக்கச் சாலை கொண்டை ஊசியாய் வளைந்து, ஒரே சரிவைப் பல மட்டங்களில் அறுத்தது. மலைப்பக்கம் வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் கொட்டி அகலம் சேர்ப்பதே மலைச்சாலைகளின் வழக்கம். இறுகாத அந்த மண், கீழே செல்லும் சாலையின் தலைமேல் பாரமாகிறது. 1899இல் குன்னூரை எட்டிய பல்சக்கர ரயில் பாதையும் இதே மலைமுகத்தையே வெட்டியது.

மண் தாங்குசுவருக்கான கணக்கைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலோம் 1776இலேயே வெளியிட்டிருந்தார். களிமண் சரிவுகளை அலெக்சாந்தர் கொலன் 1846இல் பிரான்சில் ஆராய்ந்தார். ஆனால் மண்துகள்களுக்கு இடையே தேங்கும் நீரின் அழுத்தமே அவற்றின் பிடிப்பைத் தளர்த்துகிறது என்பதை மண் பொறியாளர் தெர்சாகி தெளிவாக்கியது 1920களில். அதற்குள் நீலகிரியின் முதன்மைப் பாதைகள் எல்லாம் போட்டு முடிந்திருந்தன. பழைய கல்லடுக்குச் சுவர்களில் சாந்து இல்லாததால் நீர் தானே வடிந்துவிடும். பின்னர் வந்த சிமெண்ட் சுவரில் கசிவுத் துளைகள் அடைபட்டால் சுவரே அணையாகிவிடுகிறது. இதை முன்னேற்றம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

இங்கே அடிப்பாறை சார்னோகைட். அது சிதைந்து உண்டான செம்மண்ணும் அதன் கீழுள்ள வழுக்குக் களிமண்ணும் சில இடங்களில் பல மீட்டர் தடிமன் கொண்டவை. தென்மேற்குப் பருவத்தில் நனைந்த மண்மேல் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவில் கொட்டும்போதுதான் ஆபத்து. 1978, 1979, 1993, 2009 ஆகிய ஆண்டுகளின் பெரும் நிலச்சரிவுகள் எல்லாம் நவம்பரில் நிகழ்ந்தவை. 1993இல் குன்னூர் மலைச்சாலையில் மரப்பாலம் என்னும் இடத்தில் சாலையும் ரயில் பாதையும் சேர்ந்தே அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவானது. மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

1978க்குப் பின் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆபத்துப் பகுதிகளை வரைபடமாக்கியது. அண்மை ஆண்டுகளில் நெடுஞ்சாலைத் துறை சரிவுக்குள் இரும்புக் கம்பிகளைச் செருகி, மேலே வலை விரித்துப் புல் வளர்க்கும் முறையைக் கையாள்கிறது. நல்ல முறைதான். ஆனால் அடைபட்ட ஒரு சிறுபாலம் அருகிலிருந்தால் அதன் பயன் பாதியாகிவிடும். மழைநீர் தன் ஓடையை விட்டுச் சாலையோரமாக ஓடி, வேறோர் இடத்தில் கரையை அறுக்கும்.

சாலையை அகலப்படுத்தும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் வடிகாலுக்கான தொகை தார்ச்செலவுக்கு முன்னால் எழுதப்பட வேண்டும். அக்டோபர் பிறக்குமுன் சிறுபாலங்களைத் தூர்வாராமல் புது வெட்டு எதற்கும் அனுமதி தரக்கூடாது.